மூன்று கணக்குத் தலைப்புகளுக்கு நடுவே ஒரு மாணவி

2007-08ஆம் ஆண்டுக்கான மத்திய பட்ஜெட் உரையில் அன்றைய நிதியமைச்சர் ப. சிதம்பரம் ஓர் அறிவிப்பைச் செய்தார். மாதம் 25,000 ரூபாய் வரையிலான சம்பளத்தில் ஒரு மாற்றுத்திறனாளியைத் தனியார் நிறுவனம் வேலைக்கு எடுத்தால், அந்த ஊழியருக்காக முதலாளி கட்ட வேண்டிய பி.எஃப்., இ.எஸ்.ஐ. பங்கை முதல் மூன்று ஆண்டுகளுக்கு அரசே கட்டிவிடும். பதினொன்றாம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்துக்கு இதற்கென 1,800 கோடி ரூபாய். ஆண்டுக்கு ஒரு லட்சம் பேருக்கு வேலை கிடைக்கும் என்பது எதிர்பார்ப்பு. 2008 ஏப்ரல் 1 முதல் திட்டம் நடைமுறைக்கு வந்தது. ஆண்டுக்கு ஒரு லட்சம் என்ற எண்ணின் பக்கத்தில்கூட அது போகவில்லை. பணம் இருந்தது, கேட்டு வாங்க ஆள் வரவில்லை.

காரணம் தேடப் பெரிய ஆராய்ச்சி வேண்டியதில்லை, ஒரு சின்னக் கணக்கு போதும். 10,000 ரூபாய் சம்பளத்துக்கு இன்றைய விகிதத்தில் முதலாளியின் பி.எஃப். பங்கு 1,200 ரூபாய், இ.எஸ்.ஐ. பங்கு 325. ஆக, மாதம் சுமார் 1,500 ரூபாய் மிச்சம். அந்த மிச்சத்துக்காக ஒரு ஃபோர்மேன், சைகை மொழி தெரியாமல், காது கேளாத ஒரு பெண்ணுக்கு வேலை கற்றுக்கொடுக்க முன்வருவாரா? கழிப்பறைக்குச் சாய்தளம் கட்ட நிர்வாகம் செலவு செய்யுமா? திட்டம் தீட்டியவர்கள், வேலைக்குத் தயாரான ஓர் ஆள் ஆலை வாசலில் நிற்பதாகவும், முதலாளியின் மனத்தைக் கொஞ்சம் இளக்கினால் போதும் என்றும் எண்ணிக்கொண்டார்கள். பள்ளி வகுப்பறையிலிருந்து அந்த வாசல் வரை அந்த ஆளை யார் கொண்டுவந்து சேர்ப்பது என்பதற்கு 1,800 கோடியில் ஒரு ரூபாயும் எழுதப்படவில்லை.

இந்தக் கட்டுரை அந்த ஒரு ரூபாயைப் பற்றியது. மாற்றுத்திறன் கொண்ட மாணவர்களுக்கு இந்தியச் சட்டம் இடங்களை ஒதுக்குகிறது: 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசு வேலையில் 4 விழுக்காட்டையும் உயர்கல்வியில் 5 விழுக்காட்டையும் அவர்களுக்கென வைத்திருக்கிறது. பள்ளியின் கடைசி ஆண்டுகளுக்கும் முதல் சம்பளத்துக்கும் நடுவே உள்ள இரண்டு மூன்று வருடங்களுக்கென்று பணத்தை ஒதுக்கவில்லை. வேறு வேறு பெயர்களில் பணம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அது நிற்கும் இடம் வேறு, மாணவர் நிற்கும் இடம் வேறு.

வேலை வடக்கே, சேவை தெற்கே

இதை வைத்துப் பார்க்க வட சென்னையைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856இல் புறப்பட்ட ராயபுரத்திலிருந்து வடக்கே கடலோரமாகப் போனால், 1955 முதல் ராயல் என்ஃபீல்டு இயங்கிய திருவொற்றியூர், அசோக் லேலண்டின் எண்ணூர் ஆலை, மேற்கே 1969இல் உற்பத்தி தொடங்கிய மணலி சுத்திகரிப்பு ஆலை, இன்னும் வடக்கே 2001இல் திறக்கப்பட்டு இப்போது காமராஜர் துறைமுகம் என்று அழைக்கப்படும் எண்ணூர் துறைமுகம், காட்டுப்பள்ளி, அனல்மின் நிலையங்கள் என்று வரிசையாக வரும். நடுவில் எண்ணிலடங்காத லேத் பட்டறைகள், கன்டெய்னர் கிடங்குகள், லாரி செட்டுகள்.

இங்கே உள்ள எல்லா வேலையும் மூட்டை தூக்கும் வேலையோ உலைக்கு முன் நிற்கும் வேலையோ அல்ல. உதிரிபாகங்களை அளந்து பார்க்கும் தர ஆய்வு, ஸ்டோரில் இருப்புக் கணக்கு, கணினியில் வரைபடம் போடுவது, கன்டெய்னர் கிடங்கின் கேட்டில் வண்டி எண்ணும் சீல் எண்ணும் பதிவது, எடைமேடைச் சீட்டு, ராஜாஜி சாலையிலும் பாரிமுனைச் சந்துகளிலும் உள்ள சுங்க முகவர் அலுவலகங்களில் ஷிப்பிங் பில் தயாரிப்பது: இவற்றுக்குக் காதும் வேண்டாம், காலும் வேண்டாம் என்று சொல்லக்கூடிய இடங்கள் நிறைய உண்டு. மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்றவை என்று மத்திய அரசு 2021 ஜனவரி 4 அன்று வெளியிட்ட பட்டியலிலேயே 3,566 வகைப் பதவிகள் இருக்கின்றன. அது அரசுப் பதவிகளுக்கான பட்டியல்தான். இருந்தாலும் எந்த வேலையில் உட்கார வேண்டும், எதில் நிற்க வேண்டும், எதற்குக் கண் வேண்டும், எதற்குக் கேட்க வேண்டும் என்று வேலையைப் பிரித்துப் பார்க்கும் முறை அதில் இருக்கிறது. ஒரு தனியார் ஆலையின் மனிதவளப் பிரிவு அதைக் கையில் வைத்துக்கொண்டு தன் ஷாப் ஃப்ளோரை ஒரு நாள் சுற்றி வரலாம். சுற்றி வரச் சொல்ல ஆள் வேண்டும்.

அந்த ஆள் இருக்கும் அலுவலகங்களின் முகவரிகளைப் பாருங்கள். மத்திய தொழிலாளர் அமைச்சகத்தின் கீழ் முன்பு தொழில்சார் மறுவாழ்வு மையம் என்று இருந்து, இப்போது மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய வாழ்வாதாரச் சேவை மையமாக இருப்பது கிண்டியில். மாநில மாற்றுத்திறனாளிகள் நல ஆணையரகம் காமராஜர் சாலையில். அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் கே.கே. நகரில். பல்வகை ஊனங்களுக்கான தேசிய நிறுவனம் 2005 முதல் கிழக்குக் கடற்கரைச் சாலையில், முட்டுக்காட்டில். ஆலைகள் வடக்கே குவிந்திருக்க, ஆளை ஆலையோடு இணைக்க வேண்டிய நிறுவனங்கள் அனைத்தும் நகரத்தின் மறுபக்கம். 2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர் வரை வந்தபிறகு தேரடியில் ஏறினால் கிண்டியில் இறங்கலாம் என்பது உண்மையிலேயே பெரிய உதவி. எண்ணூர் தாழங்குப்பத்து மாணவருக்கு அந்த மெட்ரோ நிலையத்துக்கு வருவதே முதல் பயணம்.

மாவட்ட எல்லையும் சேர்ந்துகொள்கிறது. திருவொற்றியூரும் மணலியும் 2011இல் சென்னை மாநகராட்சிக்குள் வந்துவிட்டன. வருவாய்க் கணக்கில் 2018இல் சென்னை மாவட்டம் விரிவாக்கப்படும் வரை திருவள்ளூர் மாவட்டத்திலேயே இருந்தன. இடைப்பட்ட ஏழு ஆண்டுகள் குப்பைக்கு ரிப்பன் மாளிகை, ஊனச் சான்றுக்கும் உதவித்தொகைக்கும் திருவள்ளூர். இன்றும் காமராஜர் துறைமுகமும் காட்டுப்பள்ளியும் அத்திப்பட்டும் திருவள்ளூர் மாவட்டத்தில்தான். ஆக, திருவொற்றியூரில் உள்ள ஒரு மாற்றுத்திறன் மாணவி சென்னை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரின் பொறுப்பு. அவளுக்குச் சில கிலோமீட்டர் தூரத்தில் வேலை தரக்கூடிய துறைமுகம் இன்னொரு மாவட்ட அலுவலரின் பரப்பு. வேலைவாய்ப்பு முகாம் நடத்தும்போது இருவரும் அவரவர் எல்லைக்குள் நடத்துவார்கள்.

2202, 2230, 2235

ஓர் உதாரணத்துக்கு, திருவொற்றியூரில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் பிளஸ் டூ படிக்கும், பிறவியிலேயே காது கேளாத, 17 வயதுப் பெண்ணை எண்ணிக்கொள்வோம். அவளுக்காக அரசு செலவழிக்கும் பணம் எந்தெந்தக் கணக்குத் தலைப்புகளில் இருந்து வருகிறது?

பள்ளியில் இருக்கும்வரை 2202, பொதுக் கல்வி. பள்ளி முடித்துத் தொழிற்பயிற்சிக்கோ வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கோ போனால் 2230, தொழிலாளர், வேலைவாய்ப்பு, திறன் மேம்பாடு. மாற்றுத்திறனாளி என்ற வகையில் உதவித்தொகையும் காதொலிக் கருவியும் பெறும்போது 2235, சமூகப் பாதுகாப்பும் நலனும். மூன்றும் மூன்று துறைகள், சட்டமன்றத்தில் மூன்று தனித்தனி மானியக் கோரிக்கைகள். ஒரே மானியத்துக்குள் ஓர் இனத்தில் மிஞ்சியதை இன்னோர் இனத்துக்கு மறுஒதுக்கீடு செய்ய நிதித்துறை வழி வைத்திருக்கிறது. ஒரு மானியத்திலிருந்து இன்னொரு மானியத்துக்குப் பணம் தாண்டாது. அந்தத் தடை தேவையானதுதான். சட்டமன்றம் ஒன்றுக்கென்று வாக்களித்த பணத்தை அதிகாரிகள் இன்னொன்றுக்கு எடுக்கக் கூடாது. ஆனால் நம் மாணவியின் தேவை அந்த மூன்று மானியங்களின் எல்லையில்தான் சரியாக வந்து உட்காருகிறது. பிளஸ் டூ படிக்கும்போதே வாரத்துக்கு ஒரு நாள் ஓர் அலுவலகத்தில் போய்ப் பழக வேண்டும், கூடவே சைகை மொழிபெயர்ப்பாளர் வேண்டும். இது கல்வியா, வேலைவாய்ப்பா, நலத்திட்டமா? மூன்று துறைகளும் ‘நம்ம ஹெட் இல்லை’ என்று சொன்னால், மூவருமே விதிப்படி சரியாகத்தான் சொல்கிறார்கள்.

அப்படியானால் அந்தந்த ஹெட்டுக்குள் இருப்பது என்ன? பள்ளிப் பக்கம், 2018-19 முதல் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ் மாற்றுத்திறன் மாணவர் ஒருவருக்கு ஆண்டுக்கு 3,500 ரூபாய் வரை. மாணவிகளுக்கு மாதம் 200 ரூபாய் வீதம் 10 மாதங்களுக்கு ஊக்கத்தொகை. கருவிகள், மருத்துவ முகாம், போக்குவரத்துப்படி, வீட்டு வழிக் கல்வி எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். பள்ளி முடிந்தபின், வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து வைத்துக் காத்திருக்கும் மாற்றுத்திறனாளிக்குத் தமிழக அரசு மாதந்தோறும் உதவித்தொகை தருகிறது: பத்தாம் வகுப்புக்கு 600, பிளஸ் டூவுக்கு 750, பட்டதாரிக்கு 1,000 ரூபாய். மற்றவர்களுக்குத் தருவதைவிட இது அதிகம், ஏழை வீட்டில் அந்த 750 ரூபாய்க்கு மதிப்பும் உண்டு, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது காத்திருப்பதற்கான பணம். காத்திருப்பைக் குறைப்பதற்கான பணம் எங்கே என்பதே கேள்வி.

அந்தப் பணமும் ஓரளவுக்கு இருக்கிறது. 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் எதுவாயினும் தன் ஆள் எண்ணிக்கையில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை அப்ரண்டிஸ்களை எடுத்தாக வேண்டும். அவர்களின் உதவித்தொகையில் கால் பங்கை, மாதம் 1,500 ரூபாய் வரை, மத்திய அரசு ஏற்கிறது. வட சென்னை ஆலைகளில் இது நன்றாகவே ஓடும் திட்டம். அப்ரண்டிஸாகச் சேர்வதற்கு முன் அந்தப் பெண்ணுக்கு எந்த டிரேடு ஏற்றது என்று சொல்லவும், சேர்ந்த முதல் மாதம் பக்கத்தில் இருக்கவும் ஆள் வைக்க இத்திட்டத்தில் ஹெட் இல்லை. 2015 மார்ச்சில் தொடங்கிய மாற்றுத்திறனாளிகளுக்கான தேசியத் திறன் மேம்பாட்டுச் செயல்திட்டம் முதல் மூன்றாண்டுகளில் 5 லட்சம் பேர் என்று இலக்கு வைத்துக் கோட்டை விட்டதற்கும் அதுவே காரணம் என்பது என் எண்ணம். தலைக்கு இவ்வளவு என்று பயிற்சிக் கூடங்களுக்குக் கட்டணம் கொடுக்கப்பட்டது. சான்றிதழ் அச்சாகும் இடத்தோடு பணத்தின் அக்கறை முடிந்துவிட்டது.

பொருளுக்கு இருக்கும் பணம் ஆளுக்கு இல்லை

மாற்றுத்திறனாளிகளுக்கான பணம் எப்படிச் செலவாகிறது என்பதில் ஒரு பழக்கம் ஊறிப்போயிருக்கிறது. மூன்று சக்கர வண்டி, இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர், தையல் இயந்திரம், திறன்பேசி: இவை எல்லாம் மார்ச் மாதத்துக்குள் கொள்முதல் செய்து, மேடையில் கொடுத்து, பயன்பாட்டுச் சான்று அனுப்பிவிடக் கூடியவை. தணிக்கைக்கு வருபவர் பொருளை எண்ணிப் பார்க்கலாம், கையெழுத்தைச் சரிபார்க்கலாம். வேலைவாய்ப்புச் சேவை என்பது அப்படி எண்ண முடியாதது. அது கிட்டத்தட்ட முழுக்க முழுக்க ஆட்களின் சம்பளம். ஆலோசகர், சைகை மொழிபெயர்ப்பாளர், வேலையிடத்தில் முதல் சில வாரங்கள் உடன் நிற்கும் பயிற்றுநர், நிறுவனங்களின் படியேறி இறங்கும் களப்பணியாளர். சம்பளம் என்றாலே நிதித்துறைக்கு அச்சம்: ஒரு பணியிடத்தை உருவாக்கினால் அது ஓய்வூதியம் வரை வரும். ஆகவே ஒப்பந்தம், தொகுப்பூதியம், பதினோரு மாத நியமனம்.

பள்ளிகளுக்கு வரும் சிறப்புப் பயிற்றுநர்களின் கதையே இதற்குச் சாட்சி. தொடக்க நிலையில் 10 மாணவருக்கு ஒருவர், இடைநிலையில் 15 மாணவருக்கு ஒருவர் என்று உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் விகிதம் வகுத்தது. நிரந்தரப் பணியிடங்களை உருவாக்கச் சொல்லி 2025லும் மாநிலங்களை விரட்ட வேண்டியிருந்தது. தமிழகத்தில் இவர்களில் மிகப் பலர் வட்டார வள மையத்தைத் தலைமையிடமாகக் கொண்டு பள்ளி பள்ளியாகச் சுற்றும் ஒப்பந்தப் பணியாளர்கள். 2024-25ஆம் ஆண்டில் பி.எம்.ஸ்ரீ திட்டத்துக்கான ஒப்பந்தத்தில் தமிழகம் கையெழுத்திடவில்லை என்பதற்காக ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் மத்தியப் பங்கு, சுமார் 2,152 கோடி ரூபாய், நிறுத்தப்பட்டது. மாநில அரசு 2025 மே மாதம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. மும்மொழி, தேசியக் கல்விக் கொள்கை என்று பேச்சு ஓடியது. ஆனால் அந்த 2,152 கோடிக்குள் மாற்றுத்திறன் மாணவர்களுக்கான 3,500 ரூபாய்களும் சிறப்புப் பயிற்றுநர்களின் ஊதியமும் தொழிற்கல்விப் பிரிவுக்கான பணமும் கிடந்தன. மொழிச் சண்டைக்கும் திருவொற்றியூர் மாணவியின் காதொலிக் கருவிக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை. பெரிய பையில் போட்டு வைத்த சின்னப் பொட்டலத்துக்கு ஒதுக்கீடு என்று பெயர் சொல்ல முடியாது. பையின் வாயைக் கட்டினால் பொட்டலமும் உள்ளேதான்.

பதினைந்து விழுக்காடு

பொட்டலத்தைத் தனியே எடுத்து வெளியில் வைத்த நாடு ஒன்று உண்டு. அமெரிக்காவில் 2014 ஜூலையில் வந்த தொழிலாளர் புத்தாக்க, வாய்ப்புச் சட்டம், 1973ஆம் ஆண்டின் மறுவாழ்வுச் சட்டத்தைத் திருத்தியது. மாற்றுத்திறனாளிகளின் தொழில் மறுவாழ்வுக்காக ஒவ்வொரு மாநிலத்துக்கும் போகும் மத்திய மானியத்தில் குறைந்தது 15 விழுக்காட்டை, படித்துக்கொண்டிருக்கும் மாற்றுத்திறன் மாணவர்களை வேலைக்குத் தயார்செய்யும் சேவைகளுக்கு மட்டுமே செலவிட வேண்டும் என்று அது கட்டளையிட்டது. எந்தச் சேவைகள் என்பதையும் சட்டமே சொல்லிவிட்டது: என்னென்ன வேலைகள் உண்டு என்று அறியச் செய்யும் ஆலோசனை, வேலையிடத்திலேயே பழகும் வாய்ப்பு, மேற்படிப்பு வழிகாட்டல், பணியிட ஒழுங்கும் பழக்கமும் சார்ந்த பயிற்சி, தன் தேவையைத் தானே எடுத்துச் சொல்லும் பயிற்சி. இந்த ஐந்தையும் கொடுத்து முடித்தபின் மிஞ்சினால்தான் அந்த 15 விழுக்காட்டிலிருந்து மற்ற செயல்பாடுகளுக்குப் பணம் எடுக்கலாம். மிஞ்சுமா என்று மாநிலம் முன்கூட்டியே கணக்குப் போட்டுக் காட்ட வேண்டும். அலுவலக நிர்வாகச் செலவை அதன் தலையில் எழுதக் கூடாது. எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று: மறுவாழ்வுத் துறையில் விண்ணப்பித்துத் தகுதி பெறாத மாணவரும், தகுதி பெற வாய்ப்புள்ளவர் என்றால் போதும், இந்தச் சேவைகளைப் பெறலாம். நம் ஊரில் 40 விழுக்காடு ஊனம் என்ற சான்றும் அடையாள அட்டையும் கையில் இல்லாமல் கதவே திறக்காது.

அங்கே எல்லாம் ஒழுங்காக நடந்துவிட்டதா என்றால், இல்லை. அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 2018இல் வெளியிட்ட அறிக்கை, பல மாநிலங்கள் ஒதுக்கிய பணத்தை முழுதாகச் செலவழிக்க முடியாமல் திணறியதைப் பதிவு செய்கிறது. பள்ளிகளுக்குப் போக ஆள் போதவில்லை, எது பள்ளியின் பொறுப்பு, எது மறுவாழ்வுத் துறையின் பொறுப்பு என்பதில் இழுபறி, எந்தச் செலவு ஐந்துக்குள் வரும் என்பதில் குழப்பம். நம்மூர்க் குறைகள்தான். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. அங்கே 15 விழுக்காடு செலவாகவில்லை என்பது தெரிந்தது. தனியே எண்ணப்பட்டதால் குறை கண்ணில் பட்டது. பட்டதால் விதிகளைத் தெளிவாக்கினார்கள். இங்கே அப்படி ஒரு வரியே கணக்கில் இல்லாததால், செலவாகாமல் போனது என்று சொல்லக்கூட நமக்கு ஓர் எண் இல்லை.

ஜெர்மனியிலும் ஜப்பானிலும் வேறு வழி. குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஆள் வைத்திருக்கும் நிறுவனம் மாற்றுத்திறனாளிகளைப் போதுமான அளவில் எடுக்காவிட்டால் தண்டத்தொகை கட்ட வேண்டும். ஜெர்மனியில் ஒருவரையும் எடுக்காத பெரிய நிறுவனத்துக்கு 2024இல் நிரப்பாத ஒவ்வோர் இடத்துக்கும் மாதம் 720 யூரோவாக இருந்தது. அந்தப் பணம் பொதுக் கருவூலத்தில் கரையாமல், மாற்றுத்திறனாளிகளின் வேலை தொடர்பான செலவுக்கே திரும்பிவரும். நம் 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 35ஆம் பிரிவு தனியார் நிறுவனங்களில் 5 விழுக்காட்டை எட்டச் செய்ய அரசு ஊக்கம் தர வேண்டும் என்கிறது, அதுவும் அரசின் பொருளாதாரத் திறனுக்கு உட்பட்டு. தண்டம் இல்லை.

கரையாத பணம்

மார்ச் 31 வந்தால் செலவாகாத பணம் சரண்டர் ஆகிவிடும் என்பது அரசுக் கணக்கின் அடிப்படை. ஜூனில் பள்ளி தொடங்கி, ஆகஸ்டில் ஆணை வந்து, அக்டோபரில் முதல் தவணை வந்து, ஜனவரியில் பொதுத்தேர்வு வேலைகள் ஆரம்பித்துவிட்டால், ஒரு மாணவியை ஆண்டு முழுவதும் வேலையிடத்துக்குப் பழக்க முடியாது. இரண்டு நாள் முகாம் நடத்தலாம். முகாம்கள் இவ்வளவு நடப்பதற்கு அதிகாரிகளின் சோம்பேறித்தனத்தைவிட நிதியாண்டின் காலண்டரே பெரிய காரணம்.

கரையாத பணமும் நம்மிடம் இருக்கிறது. அதன் பிறப்பு சுவாரசியமானது. வட்டி வரியைக் கடன் வாங்கியவர்களிடம் வசூலித்த வங்கிகள், விகிதத்தை மேல்நோக்கி முழுமையாக்கிக் கூடுதலாகப் பிடித்தன. இந்திய வங்கிகள் சங்கத்துக்கும் தேவ்கலா கன்சல்டன்சி சர்வீஸுக்கும் நடந்த வழக்கில் 2004 ஏப்ரல் 16 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், பிடித்த பணத்தைத் தனித்தனியாகத் திருப்பிக் கொடுப்பது நடக்காத காரியம் என்பதால், அதை மாற்றுத்திறனாளிகளின் நலனுக்கு ஓர் அறக்கட்டளையாக்கச் சொன்னது. 2006இல் அறக்கட்டளை அமைந்தது. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 86ஆம் பிரிவு அதையும் 1983 முதல் இருந்த பழைய நிதியையும் சேர்த்து மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிதியாக்கியது. ஊருக்கு ஊர் யாரிடமோ சில்லறை சில்லறையாகப் பிடித்த பணம் இப்படி ஒரு மூலதனமாகி நிற்கிறது. அறக்கட்டளையாக இருந்த காலத்தில் மாணவர்களுக்குக் கல்வி உதவித்தொகை தந்து நல்ல காரியம்தான் செய்தது. உதவித்தொகையும் பொருள் மாதிரிதான், வங்கிக் கணக்கில் போட்டுவிட்டால் சான்று அனுப்பலாம். 88ஆம் பிரிவு மாநில நிதி ஒன்றையும் அமைக்கச் சொல்கிறது. அதன் கணக்கைத் தலைமைக் கணக்குத் தணிக்கையர் தணிக்கை செய்வார். நிதியாண்டைத் தாண்டி வாழக்கூடிய, ஆள் சம்பளம் கொடுக்கக்கூடிய பாத்திரம் இதுவே.

வட சென்னையில் இன்னொரு ஊற்றும் உண்டு. 2013ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் 135ஆம் பிரிவுப்படி, பெரிய நிறுவனங்கள் மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும், தாம் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கான தொழில் திறன் அட்டவணையிலேயே இருக்கிறது. 2021 ஜனவரித் திருத்தத்துக்குப்பின், நடந்துகொண்டிருக்கும் பணிக்கு ஒதுக்கிச் செலவாகாத தொகையைத் தனிக்கணக்கில் வைத்து மூன்று ஆண்டுகளுக்குள் செலவிடலாம். அரசுப் பணத்துக்கு இல்லாத இந்த வசதி, பிளஸ் ஒன்னில் தொடங்கி முதல் வேலை வரை போகும் ஒரு திட்டத்துக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறது. ஆனால் எல்லை உண்டு: தன் சொந்த ஊழியருக்கு மட்டும் பலன் தரும் செலவு இதில் சேராது. ஆக, ஓர் ஆலை இந்தப் பணத்தில் மொழிபெயர்ப்பாளரையும் பயிற்றுநரையும் அமர்த்திப் பல நிறுவனங்களுக்குச் சேர்த்துப் பயன்படும்படி செய்யலாம். தன் ஆலையில் வேலைக்கு எடுத்த பெண்ணின் சம்பளத்தை இதில் எழுத முடியாது. எழுத முடியாமல் இருப்பதே நல்லது.

யாரிடம் கொடுப்பது

தமிழக அரசு இப்போது நடத்தும் உரிமைகள் திட்டத்துக்கு உலக வங்கி 2022 ஜூனில் 16.2 கோடி டாலர் கடனை ஒப்புக்கொண்டது. வீடு வீடாகக் கணக்கெடுப்பு, களப்பணியாளர்கள், விழுதுகள் என்ற பெயரில் ஒருங்கிணைந்த சேவை மையங்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் மாற்றுத்திறனாளிகள் 11.8 லட்சம் பேர். அப்போது ஏழு வகையாக இருந்த சட்ட வரையறை இப்போது 21 வகையாக விரிந்துவிட்டது. அந்தப் பழைய எண்ணை வைத்துக்கொண்டு யாருக்கும் திட்டம் போட முடியாது என்பதால் கணக்கெடுப்பை வரவேற்கிறேன். தெற்கே கிடந்த சேவைகளை வார்டுக்குக் கொண்டுவரும் எண்ணமும் சரியானது. என் கவலை ஒன்றே: இந்தக் களப்பணியாளர்களின் ஊதியம் கடன் திட்டத்தில் இருந்து வருகிறது. கடன் திட்டத்துக்குக் கடைசித் தேதி உண்டு. அதற்குப்பின் அவர்களுக்கு எந்த ஹெட்டில் சம்பளம் எழுதுவது என்பதை இப்போதே முடிவு செய்யவில்லையென்றால், வட்டார வள மையச் சிறப்புப் பயிற்றுநர்களின் நிலைதான்.

வட சென்னைக்கென்று தனியாகப் பெரும் பணமும் வந்துகொண்டிருக்கிறது. 2023-24 பட்ஜெட்டில் 1,000 கோடி ரூபாயாக அறிவிக்கப்பட்ட வட சென்னை வளர்ச்சித் திட்டம், 2024 மார்ச்சில் தொடங்கப்பட்டபோது 4,181 கோடியாக வளர்ந்திருந்தது. உரிமைச் சட்டத்தின் 37ஆம் பிரிவு வளர்ச்சித் திட்டங்களில் மாற்றுத்திறனாளிகளுக்கு 5 விழுக்காடு ஒதுக்கீடு வேண்டும் என்கிறது, பெண்களுக்கு முன்னுரிமையோடு. அது பயனாளிகளுக்கான ஒதுக்கீடு, ரூபாய்க்கானது அல்ல. பள்ளிக் கட்டடம், மருத்துவமனை, பேருந்து நிலையம், குடியிருப்பு என்று போகும் ஒரு திட்டத்தில் 5 விழுக்காட்டுப் பயனாளி என்று எதை எண்ணுவது? வீட்டை எண்ணலாம், பேருந்து நிலையத்தை எப்படி எண்ணுவது? இந்த இடத்தில் விழுக்காட்டைப் பிடித்துத் தொங்குவதைவிட, திட்டத்தில் கட்டும் ஒவ்வொரு பள்ளிக்கும் தொழிற்பயிற்சிக் கூடத்துக்கும் ஒரு வேலைவாய்ப்பு ஆலோசகரின் ஐந்தாண்டு ஊதியத்தைக் கட்டுமானச் செலவோடு சேர்த்து எழுதச் சொல்லலாம். கட்டடத்துக்குப் பராமரிப்புச் செலவு எழுதுவதில்லையா?

சட்ட வழியும் புதிதல்ல. ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கான துணைத்திட்ட நிதி பல ஆண்டுகளாக வெறும் வழிகாட்டு நெறியாக இருந்து, வேறு திட்டங்களுக்குக் கணக்கு காட்டப்படுகிறது என்ற புகார்கள் எழுந்தபின், தமிழகம் 2024இல் அதற்கெனத் தனிச் சட்டமே கொண்டுவந்தது. ஒதுக்கீட்டுக்குச் சட்டத்தின் பலம் இல்லாவிட்டால் அது எங்கெல்லாம் போகும் என்று பார்த்துத் தெளிந்த மாநிலம் இது. மாணவர்களின் வேலைவாய்ப்புச் சேவைக்கு அவ்வளவு பெரிய சட்டம்கூட வேண்டாம். 88ஆம் பிரிவின் மாநில நிதிக்கு ஒரு விதி போதும். அந்த விதியில் நான் எதிர்பார்ப்பது: நிதியின் ஆண்டுச் செலவில் ஒரு பங்கு 14 வயதிலிருந்து 21 வயது வரை படிப்பவர்களுக்கும் படிப்பை விட்டவர்களுக்கும் மட்டும். அதில் பெரும்பகுதி பொருளுக்குப் போகாமல் ஆட்களின் ஊதியத்துக்குப் போக வேண்டும். செலவாகாதது அடுத்த ஆண்டுக்குத் தொடர வேண்டும், ஆனால் இரண்டாண்டு தொடர்ந்து தேங்கினால் ஏன் என்று சட்டமன்றத்தில் வைக்க வேண்டும். அடையாள அட்டை வரும்வரை காத்திராமல், பள்ளியின் சிறப்புப் பயிற்றுநர் எழுதிக் கொடுத்தால் சேவை தொடங்க வேண்டும். ராயபுரம் முதல் காட்டுப்பள்ளி வரை மாவட்ட எல்லையைப் பாராமல் ஒரே பகுதியாக்கி, ஒரே அலுவலரிடம் கொடுக்க வேண்டும்.

அந்த அலுவலர் யார் என்பதில் எனக்குத் திட்டவட்டமான கருத்து உண்டு. கல்வித் துறையில் வைத்தால் பிளஸ் டூ முடிந்ததும் கைகழுவிவிடுவார்கள், ஏனென்றால் பள்ளி மாணவர்களுக்கான எமிஸ் பதிவேட்டில் அந்த மாணவி அதோடு முடிந்துபோகிறாள். மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடம் சக்கர நாற்காலி முதல் உதவித்தொகை வரை ஏற்கெனவே ஆயிரம் வேலை. வேலைவாய்ப்புத் துறையிடமே இருக்க வேண்டும்: ஆலைகளின் அப்ரண்டிஸ் கணக்கு 2230ஐச் சேர்ந்த துறையிடம்தான் இருக்கிறது, எந்த ஆலையில் எத்தனை இடம் காலி என்று அதிகாரத்தோடு கேட்கக்கூடியதும் அதுவே. 20 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்கள் சமவாய்ப்புக் கொள்கையை வெளியிட்டு, ஒரு தொடர்பு அலுவலரையும் நியமிக்க வேண்டும் என்று 2017 விதிகள் சொல்லி வருடங்களாகின்றன. திருவொற்றியூர், மணலி, எண்ணூர் ஆலைகளில் அந்தத் தொடர்பு அலுவலர்கள் யார் யார் என்ற பட்டியலைக் கேட்டு வாங்கிப் பொதுவில் போடுவதை முதல் வேலையாக வைத்துக்கொள்ளலாம். அதற்கு நிதி ஒதுக்கீடு தேவையில்லை.